லோகஸ்ட் தெருவில் ஒரு நாற்காலி, ஒரு வகுப்பறை

கேள்வி இதுதான்: சிம்ஃபனி ஆர்க்கெஸ்ட்ராவில் ஓபோ, கிளாரினெட் மாதிரி ஊதுகருவி வாசிக்கிறவர்கள் நாற்பது வருடம் கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்து என்ன சாதிக்கிறார்கள்? அவர்கள் பாடம் எடுப்பது சம்பளம் பத்தாமல் செய்கிற டியூஷன்தானா?

சம்பளம் பத்தாது என்பது ரொம்ப காலத்துக்கு உண்மையாகவே இருந்தது. அமெரிக்காவின் பெரிய ஆர்க்கெஸ்ட்ராக்களே வருடம் முழுக்கச் சம்பளம் கொடுக்க ஆரம்பித்தது 1960களில்தான்; அதற்கு முன்னால் சீசன் முடிந்துவிட்டால் கோடையில் அவரவர் பாடு. அதனால் டியூஷன் எடுத்தவர்கள் நிறையப் பேர் உண்டு, அதில் தப்பும் இல்லை. ஆனால் ஒரு நாட்டின் ஓபோ வாசிப்பையே மாற்றிய மனிதர் ஒருவர் இருந்தார், அவருக்கு ஆர்க்கெஸ்ட்ரா நாற்காலியும் வகுப்பறையும் இரண்டு வேலை இல்லை, ஒரே வேலைதான். பொதுவாகப் பேசினால் சவசவ என்று போய்விடும் என்பதால் அவர் ஒருவரை மட்டும் வைத்தே பதில் சொல்கிறேன். பெயர் மார்செல் தாபுத்தோ. ஃபிலடெல்ஃபியா ஆர்க்கெஸ்ட்ராவில் 1915 முதல் 1954 வரை முதல் ஓபோ, அதாவது ஓபோ வரிசையின் தலைவர்.

நான் ஓபோ வாசிப்பவன் இல்லை. கொஞ்ச காலம் கிளாரினெட் ஊதிப் பார்த்து, பக்கத்து வீட்டுக்காரர்களின் நன்மை கருதி நிறுத்தியவன். பழைய இசைத்தட்டுகள் கேட்கிற பைத்தியம் மட்டும் விடவில்லை.

முதலில் கருவி. நாதஸ்வரத்தில் உதிரிச் சீவாளிகள் கயிற்றில் கட்டித் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். ஓபோவும் அதே சாதிதான்: இரண்டு மெல்லிய நாணல் தகடுகள் ஒன்றை ஒன்று ஒட்டி அதிர, அந்த அதிர்வு குழாய்க்குள் போய் நாதமாகிறது. நாதஸ்வரச் சீவாளி அகலம், வெளியில் கோவில் வீதிக்கே கேட்க வேண்டும்; ஓபோவுடையது ஒல்லி, முனையில் உள்ள பிளவு கீற்று மாதிரி இருக்கும். இன்னொரு பெரிய வித்தியாசம் உண்டு. நம் ஊரில் சீவாளி செய்து கொடுப்பதற்கென்றே கைவினைஞர்கள் இருக்கிறார்கள். மேற்கத்திய ஆர்க்கெஸ்ட்ராவில் ஓபோக்காரர் பெரும்பாலும் தன் சீவாளியைத் தானேதான் செய்துகொள்ள வேண்டும், அதுவும் வாழ்க்கை முழுக்க.

எப்படிச் செய்கிறார்கள் என்று கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தால்தான் பிறகு சொல்லப்போவது புரியும். நாணல் பெரும்பாலும் தெற்கு பிரான்சின் வார் பகுதியில் விளைவது. காய்ந்த தண்டை நீளவாக்கில் மூன்றாகப் பிளந்து, உட்பக்கத்தைக் குடைந்து, நடுவில் சுமார் 0.6 மில்லிமீட்டர் தடிமனுக்குக் கொண்டுவந்து, இரண்டாக மடித்து, 47 மில்லிமீட்டர் உலோகக் குழாய் ஒன்றின் மேல் நூலால் இறுக்கிக் கட்டுவார்கள். இதுவரை எல்லாம் தச்சு வேலை. அப்புறம் மடிப்பை வெட்டிவிட்டுக் கத்தியால் சீவ ஆரம்பிக்கும்போதுதான் தலையெழுத்து தீர்மானமாகிறது. முனையில் ஒரு இழை அதிகமாகப் போனால் சுருதி நிற்காது, முதுகில் ஒரு இழை மிச்சம் இருந்தால் ஊதவே வராது. சீவிச் சீவி வாயில் வைத்து ஊதிப் பார்ப்பார்கள், கருவி இல்லாமல் சீவாளி மட்டும். காக்கை கரைவது போல ஒரு சத்தம் வரும், ஆங்கிலத்தில் அதற்குப் பெயரே காக்கைக் கத்தல்தான். அந்தக் கத்தல் சரியான சுருதியில் இருந்தால் சீவாளி தேறும். இவ்வளவு பாடுபட்டுச் செய்தது நன்றாக உழைத்தால் ஒரு வாரம், பத்து நாள். மழை பெய்தால், ஹாலில் ஹீட்டர் போட்டால், ஊர் மாறினால் அதுவும் இல்லை.

தாபுத்தோ சமையல் பிரியர், வேட்டைப் பிரியர். காளான் தோலை ஒழுங்காக உரிக்கத் தெரியாத நீ எப்படி ஓபோ வாசிக்கப் போகிறாய் என்று கேட்டவர். அவரிடம் படித்த லைலா ஸ்டார்ச் 2008இல் அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதி வெளியிட்டபோது அந்தக் கேள்வியையே தலைப்பில் வைத்தார். கேட்டால் கேலி மாதிரி இருக்கிறது, சீவாளி வேலையைப் பார்த்தவர்களுக்கு அது கேலி இல்லை. காளானின் மேல்தோலைக் கிழியாமல் எடுக்கிற விரல்தான் நாணலிலும் வேண்டும்.

இனி ஆளுடைய கதை. 1887இல் பிரான்சின் கொம்பியேன் ஊரில் பிறந்தார். முதலில் வயலின், பிறகு ஓபோ. பாரிஸ் கன்சர்வேட்டரியில் ஜார்ஜ் ஜிலே என்ற பெரிய ஆசிரியரிடம் சேர்ந்து 1904இல், 17 வயதில், முதல் பரிசு வாங்கினார். அங்கே முதல் பரிசு என்றால் போட்டியில் ஜெயித்த கோப்பை இல்லை, கிட்டத்தட்ட பட்டம். அது இருந்தால் எந்த ஆர்க்கெஸ்ட்ராவும் கதவைத் திறக்கும். அடுத்த வருடமே நியூயார்க் சிம்ஃபனியின் நடத்துனர் வால்டர் டாம்ரோஷ் பாரிஸ் வந்து ஐந்து பேரை அள்ளிக்கொண்டு போனார். புல்லாங்குழலுக்கு ஜார்ஜ் பரேர், ஓபோவுக்கு தாபுத்தோ, அதோடு கிளாரினெட், பசூன், டிரம்பெட்டுக்கு ஆளுக்கு ஒருவர். காற்றுக்கருவி என்றால் பிரெஞ்சுக்காரர்கள்தான் என்பது அப்போது அமெரிக்காவில் இருந்த நம்பிக்கை. உள்ளூர் இசைக்கலைஞர் சங்கம் சும்மா இருக்குமா? வெளிநாட்டு ஆட்களைக் கொண்டுவந்ததற்காக டாம்ரோஷுக்கு 1000 டாலர் அபராதம் போட்டது. 1905இல் அது பெரிய தொகை. அபராதத்தைக் கட்டிவிட்டு அவர் ஆட்களை வைத்துக்கொண்டார். அமெரிக்காவின் புல்லாங்குழல் பரம்பரையும் ஓபோ பரம்பரையும் அந்த ஒரே பயணத்தில் வந்து இறங்கியவை, ஆயிரம் டாலருக்கு இதைவிட மலிவான சரக்கு கிடைத்திருக்காது.

1908 முதல் 1914 வரை நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஆப்பெரா. அங்கே ஆர்க்கெஸ்ட்ராவை நடத்தியவர் தாஸ்கனினி என்ற பெரிய நடத்துனர். பாடகர்களோடு தினமும் உட்கார்ந்து வாசித்தது தாபுத்தோவின் காதை மாற்றியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். பிறகு வகுப்பில் அவர் பிடித்துத் தொங்கியதெல்லாம் மூச்சு, வார்த்தை, வாக்கியம், ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகிற வழி இவைதான், விரல் வேகம் இல்லை. 1915இல் ஃபிலடெல்ஃபியா ஆர்க்கெஸ்ட்ராவின் நடத்துனர் ஸ்டொகோவ்ஸ்கி அவரை அங்கே எடுத்தார். அதோடு அலைச்சல் முடிந்தது. 39 சீசன்.

முதல் ஓபோ என்கிற நாற்காலியை லேசாக நினைக்காதீர்கள். கச்சேரி தொடங்கும் முன் ஒரு நீண்ட சுரம் கேட்கும், அதற்கு எல்லோரும் சுருதி சேர்ப்பார்கள், அதைக் கொடுப்பது ஓபோ. பீத்தோவனின் மூன்றாம் சிம்ஃபனியில் இரங்கல் அணிவகுப்பு, ஐந்தாம் சிம்ஃபனியின் முதல் பகுதியில் எல்லோரும் திடீரென்று நின்றுவிட ஓபோ மட்டும் தனியே புலம்புகிற அந்த ஒரு வரி, சாய்கோவ்ஸ்கியின் நான்காவதில் இரண்டாம் பகுதியின் தொடக்கம் என்று மனதை அறுக்கிற இடங்கள் நிறைய இவர்கள் கையில்தான் இருக்கின்றன. கான்செர்ட்டோ என்றால் ஒரு கருவி முன்னால் நின்று வாசிக்க ஆர்க்கெஸ்ட்ரா கூட வாசிக்கிற படைப்பு; பிராம்ஸின் வயலின் கான்செர்ட்டோவில் இரண்டாம் பகுதி ஓபோ மெட்டில் ஆரம்பிக்கிறது. முழு ஆர்க்கெஸ்ட்ராவிலும் இருக்கிற ஒரே நல்ல மெட்டை ஓபோ வாசிக்க, நான் வயலினைக் கையில் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்க்க வேண்டுமா என்று சரசாதே என்ற வயலின் மேதை அந்தப் படைப்பைத் தொடவே மறுத்தார் என்று சொல்வார்கள். வயலின்காரருக்கு வந்த பொறாமையை விட நல்ல சான்றிதழ் ஓபோவுக்கு வேறு என்ன வேண்டும்?

சரி, அவர் மாற்றியது என்ன?

பிரான்சிலிருந்து கொண்டுவந்த சீவாளி முனையில் மட்டும் குட்டையாகச் சீவப்பட்டது. நாதம் பளிச்சென்று, கொஞ்சம் மூக்கோடு வரும். ஃபிலடெல்ஃபியாவில் அவர் வாசித்த அகாடமி ஆஃப் மியூசிக் 1857இல் திறந்த ஆப்பெரா அரங்கம், எதிரொலி குறைவு, வறண்ட ஹால். மேடையில் ஸ்டொகோவ்ஸ்கி வயலின் வரிசையிலிருந்து நெய் மாதிரி வழுவழுவென்று ஒரு நாதத்தைக் கறந்துகொண்டிருந்தார். அதற்கு நடுவில் பளிச்சென்ற ஓபோ தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். தாபுத்தோ வருடக்கணக்காகச் சீவிச் சீவி, முனையோடு நிற்காமல் பட்டையின் பின்பகுதி வரைக்கும் நீளமாகச் சீவி, நடுவில் தடிமனாக ஒரு இதயத்தை விட்டுவைக்கிற முறைக்கு வந்து சேர்ந்தார். நாதம் அடர்த்தியாகி, கருமையாகி, மற்ற கருவிகளோடு கலந்தது, ஆனால் கடைசி வரிசைக்கும் போனது. இன்று அமெரிக்கச் சீவாளி என்று உலகம் சொல்வது இதைத்தான். இந்தச் சீவாளியை மட்டும் ஊதினால் வரும் கத்தலில் ஒரே சுரம் கீழ் ஸ்தாயியிலும் மேல் ஸ்தாயியிலும் சேர்ந்து ஒலிக்க வேண்டும் என்பது இன்றும் அங்கே மாணவர்கள் பார்க்கிற முதல் சோதனை.

மேடையில் வந்த தேவைக்காகக் கண்டுபிடித்தது இது. வெறும் வகுப்பறை ஆசிரியராக இருந்திருந்தால் இதற்கு அவசியமே வந்திருக்காது.

வகுப்பறை 1924இல் வந்தது. மேரி லூயிஸ் கர்டிஸ் பாக் என்ற செல்வந்தப் பெண்மணி ஃபிலடெல்ஃபியாவில் கர்டிஸ் இசைப்பள்ளியைத் தொடங்கினார், முதல் வருடமே தாபுத்தோ ஆசிரியர். 1928 முதல் அங்கே மாணவர்களுக்குக் கட்டணமே கிடையாது. கேள்வியில் இருந்த டியூஷன் சமாசாரத்துக்கு இது முக்கியம். மாணவன் காசு கொடுக்கவில்லை என்றால் ஆசிரியர் யாரையும் தாஜா செய்ய வேண்டாம்; பிடித்தவனை எடுக்கலாம், தேறாதவனை அனுப்பலாம், ஒரே ஒரு சுரத்தை ஊதச் சொல்லி ஒரு மணி நேரத்தை முடிக்கலாம். தாபுத்தோ மூன்றையும் தாராளமாகச் செய்தார்.

பள்ளி லோகஸ்ட் தெருவில். அகாடமி அரங்கம் அதே தெரு பிராட் தெருவைச் சந்திக்கிற முனையில். நடந்தால் ஐந்து நிமிடம். புதன்கிழமை பாடத்தில், இந்த மெட்டை இப்படி எடுத்துப் போ என்று திட்டு வாங்கிய பையன் அந்த வாரக் கடைசியில் அரங்கத்தில் உட்கார்ந்து அதே மனிதர் அதைச் செய்கிறாரா என்று சரிபார்க்கலாம். எனக்குத் தெரிந்து இதுதான் அந்த வகுப்பின் முழு ரகசியம். சொல்கிறவர் வாராவாரம் இரண்டாயிரம் பேர் முன்னால் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தார், மாணவர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் பாடமுறையை எண்முறை என்பார்கள். புத்தகம் எதுவும் எழுதவில்லை, அதனால் அவரிடம் படித்த பத்துப் பேரைக் கேட்டால் பத்து விதமாகச் சொல்வார்கள், சண்டையும் போடுவார்கள். எனக்குப் புரிந்த அளவில் இரண்டு விஷயம். ஒன்று, ஒரு சுரத்தின் வீரியத்துக்கு எண் கொடுப்பது. ஒரே சுரத்தை 1 என்று ஆரம்பித்து 2, 3, 4 என்று எண்ணிக்கொண்டே ஏற்றி, அதே எண்களில் படி தவறாமல் இறக்க வேண்டும். சத்தத்தைக் கூட்டுவது மட்டும் இல்லை, மூச்சின் முனைப்பைக் கூட்டுவது. மெட்டின் ஒவ்வொரு சுரத்துக்கும் இப்படி ஒரு எண் உண்டு. இன்றைக்கு மூடு சரியில்லை, உணர்ச்சி வரவில்லை என்கிற பேச்சுக்கே இடம் கிடையாது. 5 என்று எழுதியிருந்தால் 5 வர வேண்டும்.

இரண்டாவது விஷயம் நமக்கு ரொம்ப சுலபமாகப் புரியும். தகதிமி தகதிமி என்று சொல்லிப் பாருங்கள். காகிதத்தில் நான்கு நான்காகக் கட்டங்கள்: 1234, 1234. புதிதாகக் கற்கிறவன் அப்படியேதான் வாசிப்பான், ஒவ்வொரு ‘த’வுக்கும் ஒரு தட்டு, தையல் மிஷின் மாதிரி. தாபுத்தோ கட்டத்தை உடைத்தார். முதல் ‘த’வைத் தனியே வைத்துவிட்டு, கதிமித, கதிமித என்று எண்ணச் சொன்னார்: 1, பிறகு 2341, 2341. இப்போது க, தி, மி மூன்றும் வரப்போகிற ‘த’வை நோக்கிச் சாய்கின்றன. த என்பது கிளம்புகிற இடம் இல்லை, போய்ச் சேருகிற இடம். வேகமும் அதேதான், சுரங்களும் அதேதான், ஆனால் இசை உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து எழுந்து நடக்க ஆரம்பித்துவிடும். வாயால் நாலு தடவை சொல்லிப் பாருங்கள், நான் எழுதுவதை விட அது நன்றாக விளக்கும். நம் மிருதங்க வித்வான்களுக்கு இது சொல்லித்தர வேண்டிய விஷயமே இல்லை, அது வேறு கதை.

ஊதுகருவிக்காரர்கள் அனைவரும் சேர்ந்து வாசிக்கிற வகுப்பையும் அவர் எடுத்தார், அதனால் இந்த எண்கள் ஓபோவோடு நிற்கவில்லை. ஆர்க்கெஸ்ட்ராவில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவர் வில்லியம் கின்கேட், 1921 முதல் 1960 வரை முதல் புல்லாங்குழல், 1905இல் கூட வந்த அந்த பரேரின் மாணவர். இவரும் கர்டிஸில் ஆசிரியர், தாபுத்தோவின் எண்களை எடுத்துப் புல்லாங்குழலுக்குப் பொருத்திக்கொண்டார். ஜூலியஸ் பேக்கர் போன்ற பெரிய புல்லாங்குழல்காரர்கள் இவரிடம் வந்தவர்கள். இந்த இருவரும் ஒன்றாக வாசித்ததைக் கேட்க வேண்டுமென்றால் வால்ட் டிஸ்னி புண்ணியத்தில் வழி இருக்கிறது: 1940இல் வந்த ஃபேண்டேசியா படத்தின் இசையில் பெரும்பகுதி ஸ்டொகோவ்ஸ்கி நடத்தி ஃபிலடெல்ஃபியா ஆர்க்கெஸ்ட்ரா வாசித்தது. படம் பார்த்த குழந்தைகள் அத்தனை பேரும் தாபுத்தோவைக் கேட்டிருக்கிறார்கள், பெயர் தெரியாமல்.

மனிதர் எப்படி? கஷ்டம். பயமுறுத்துவார், ஏளனம் செய்வார், பாடத்துக்கு முன்னால் மாணவர்களுக்கு வயிறு கலங்கும். பெண்களை எடுக்கவே தயங்கினார். லைலா ஸ்டார்ச் கலிஃபோர்னியாவிலிருந்து வந்து விடாப்பிடியாகத் தட்டி, போர்க் காலத்தில் உள்ளே நுழைந்து, 1945இல் கர்டிஸில் ஓபோ பட்டம் பெற்ற முதல் பெண்ணாக வெளியே வந்தார், 1948இல் ஹூஸ்டன் சிம்ஃபனியின் முதல் ஓபோ ஆனார். இந்த மாதிரி ஆசிரியர்களைப் பற்றி நம் ஊரிலும் பெருமையாகப் பேசுவோம், குரு அடித்தார் அதனால் நான் ஆளானேன் என்று. எனக்கு அதில் சந்தேகம் உண்டு. தேறியவர்கள்தான் நினைவுக்குறிப்பு எழுதுகிறார்கள், பயந்து ஓடியவர்கள் எழுதுவதில்லை.

தேறியவர்களின் பட்டியல் மட்டும் மிரட்டுகிறது. ஹெரால்ட் கோம்பெர்க் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கில் 1943 முதல் 1977 வரை. அவர் தம்பி ரால்ஃப் கோம்பெர்க் பாஸ்டனில் 1950 முதல் 1987 வரை. கிளீவ்லாந்தில் மார்க் லிஃப்ஷே, பிறகு 1965 முதல் 2001 வரை ஜான் மேக். தாஸ்கனினியின் என்பிசி வானொலி ஆர்க்கெஸ்ட்ராவில் ராபர்ட் புளூம். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் நியூயார்க், பாஸ்டன், ஃபிலடெல்ஃபியா, கிளீவ்லாந்து என்று எங்கே போனாலும் முதல் ஓபோ நாற்காலியில் அவருடைய மாணவர். ஒவ்வொருவரும் அவரவர் ஊரில் பாடம் எடுத்தார்கள். ஜான் மேக் வட கரோலினாவின் மலையில் லிட்டில் சுவிட்சர்லாந்து என்கிற குட்டி ஊரில் கோடைதோறும் ஓபோ முகாம் நடத்தினார். பாரே என்பவர் 19ஆம் நூற்றாண்டில் எழுதிய பழைய பயிற்சிப் புத்தகத்தை வைத்து, தாபுத்தோ வகுப்பில் நடந்த அதே பாடம்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. எல்லோரும் ஒரே குருவின் சீடர்கள் என்றால் எல்லோரும் ஒரே மாதிரிதான் ஒலிப்பார்கள். ஐரோப்பியக் காதுகளுக்கு அமெரிக்க ஓபோ கம்பளி போர்த்தின மாதிரி இருக்கிறது என்று ஒரு பழைய புகார், அதில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது; ஜெர்மன், டச்சு, ஆங்கிலேய ஓபோக்களில் இருக்கிற சுதந்திரமான அதிர்வும் நிறமும் இதில் அடங்கிப்போகிறது. தாபுத்தோவிடம் அது குறையாகத் தெரியவில்லை, ஏனென்றால் அவர் அந்த நாதத்தை ஒரு தேவைக்காகத் தேடிப் போனார். மூன்றாம் தலைமுறைக்கு அது பாடத்திட்டம் ஆகிவிட்டது.

இன்னொரு விலை, இது ஒரு மனிதருக்கு விழுந்தது. ஜான் டி லான்சி, 1921இல் பிறந்தவர், தாபுத்தோவின் மாணவர். போருக்கு முன்னால் பிட்ஸ்பர்க்கில் முதல் ஓபோ, பிறகு ராணுவம். 1945இல் ஜெர்மனியின் கார்மிஷ் ஊரில், அமெரிக்கச் சிப்பாய் உடையில், எண்பதைத் தாண்டிய ஜெர்மன் இசையமைப்பாளர் ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் வீட்டுக்குப் போகிற வாய்ப்பு கிடைத்தது. உங்கள் படைப்புகளில் ஓபோவுக்கு எவ்வளவு அழகான இடங்கள் இருக்கின்றன, ஓபோவுக்கென்று ஒரு கான்செர்ட்டோ எழுதும் எண்ணம் உண்டா என்று கேட்டார். ஸ்ட்ராஸ் ஒரே வார்த்தையில் இல்லை என்றார். பேச்சு அதோடு முடிந்தது. சில மாதம் கழித்துக் கிழவர் எழுதிவிட்டார். கையெழுத்துப் பிரதியில், இது ஒரு அமெரிக்கச் சிப்பாய் தூண்டியது, சிகாகோவைச் சேர்ந்த ஓபோக்காரர் என்று ஒரு குறிப்பு. ஊரைத் தப்பாக எழுதியிருந்தார். 1946 பிப்ரவரி 26இல் ஜூரிக்கில் மார்செல் சாயே என்பவர் அதை முதன்முதலில் வாசித்தார்.

அமெரிக்காவில் முதலில் வாசிக்கும் உரிமையை ஸ்ட்ராஸ் தரப்பு டி லான்சிக்கே கொடுத்தது. ஆனால் அதற்குள் அவர் ஊர் திரும்பி ஃபிலடெல்ஃபியாவில் சேர்ந்திருந்தார், முதல் ஓபோவாக இல்லை, தாபுத்தோவுக்குக் கீழே. முதல் நாற்காலிக்காரர் உட்கார்ந்திருக்க, இளையவர் முன்னால் வந்து நின்று கான்செர்ட்டோ வாசிப்பதா? அந்த வழக்கமே இல்லை. தாபுத்தோவும் அதை வாசிக்கவில்லை. கடைசியில் டி லான்சி உரிமையை நியூயார்க்கில் சிபிஎஸ் வானொலி ஆர்க்கெஸ்ட்ராவில் இருந்த நண்பர் மிட்ச் மில்லருக்குக் கொடுத்துவிட்டார். தான் கேட்டதால் பிறந்த படைப்பை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு, டி லான்சி தன் குருவுக்குக் கீழே வாசித்துக்கொண்டிருந்தார், 1954 வரை. நாற்காலி கொடுக்கும் அதிகாரத்தைப் பற்றி மேலே பெருமையாகச் சொன்னேன் இல்லையா, அதன் மறுபக்கம் இது.

1954இல் தாபுத்தோ ஓய்வு பெற்று பிரான்ஸுக்குத் திரும்பினார். அதற்கு முன்பே, 1950இலும் 1951இலும், செல்லோ மேதை பாப்லோ கஸால்ஸ் நடத்திய விழாக்களில் வாசித்திருந்தார். 1951இல் பெர்பின்யானில் ஐசக் ஸ்டெர்ன் (வயலின்), பிரிம்ரோஸ் (வியோலா), தோர்த்தெலியே (செல்லோ) ஆகியோரோடு பதிவு செய்த மொசார்ட்டின் ஓபோ குவார்டெட், அதாவது நான்கு பேர் வாசிக்கிற படைப்பு, இன்றும் கிடைக்கிறது. 64 வயது மனிதரின் வாசிப்பு அது. கடைசி வருடங்களில் நீஸ் நகரில் டேப் ரெக்கார்டரை வைத்துக்கொண்டு, பிரெஞ்சு உச்சரிப்பு கலந்த ஆங்கிலத்தில் பாடங்களைப் பேசியும் ஊதியும் பதிவு செய்தார், பிற்காலத்தில் அவை இசைத்தட்டாக வந்தன. எழுத மாட்டேன் என்று இருந்தவர் கடைசியில் பேசவாவது செய்தார். 1966 ஜனவரி 4இல் நீஸில் இறந்தார்.

நாற்காலி டி லான்சிக்குப் போனது, 1977 வரை. பிறகு அவர் கர்டிஸ் பள்ளியின் இயக்குநர் ஆகிவிட, அவருடைய மாணவர் ரிச்சர்ட் உட்ஹாம்ஸ் 1977 முதல் 2018 வரை. கணக்குப் போட்டுப் பாருங்கள், 1915 முதல் 2018 வரை 103 வருடம், மூன்றே பேர், குரு, சீடர், சீடரின் சீடர். கோவில் தவில்காரர் குடும்பத்தில் நடக்கிற மாதிரி இருக்கிறது. 2020இல் அந்த இடத்துக்கு வந்தவர் ஃபிலிப் தோந்த்ர். பிரெஞ்சுக்காரர், பாரிஸ் கன்சர்வேட்டரியில் படித்தவர்.

கேட்டவருக்கு இசைத்தட்டு சிபாரிசும் வேண்டுமாம். மொசார்ட் குவார்டெட்டை முதலில் கேளுங்கள். அப்புறம் ஸ்ட்ராஸ் கான்செர்ட்டோவை டி லான்சி வாசித்ததையே தேடிக் கேளுங்கள். ஆமாம், கடைசியில் வாசித்தார், 1987இல் பதிவு செய்தார், அறுபதைத் தாண்டி, ஆர்க்கெஸ்ட்ராவை விட்டுப் பத்து வருடம் கழித்து. தொடக்கத்தில் ஓபோவுக்கு ஐம்பது தாளக் கட்டங்களுக்கு மேல் ஓய்வே கிடையாது. மூச்சு பத்தாது என்று நினைப்பீர்கள், ஓபோவில் பிரச்சினை நேர்மாறு. அந்தக் கீற்று வழியே காற்று வெளியே போகாது, நெஞ்சுக்குள் பழைய காற்று தேங்கி நின்று முட்டும், எடுப்பதற்கு முன்னால் விடுவதற்கு இடம் தேட வேண்டும். இளைஞர்களே திணறுகிற இடம்.

அதற்கும் முன்னால், ஓபோ நுழைவதற்குள், செல்லோக்கள் நான்கே நான்கு சின்னச் சுரங்களை முணுமுணுக்கும், நிறுத்தும், மறுபடி முணுமுணுக்கும். அந்த நான்கை முதல் தடவை தகதிமி என்று எண்ணிக் கேளுங்கள், இரண்டாம் தடவை கதிமித என்று.